ரீஃபண்டுக்காக வரியைக் கூடுதலா பிடிக்க விடுறது சேமிப்பா, நஷ்டமா?

பெண்ணைக்கரை செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். கடலூர்ல தென்பெண்ணைக் கரையோரம் எங்க வீடு. வீட்டுக்காரர் தனியார் கம்பெனில வேலை பாக்கிறார். 2025 ஆகஸ்ட் கடைசில வருமான வரி ரீஃபண்ட், அதாவது கூடுதலா பிடிச்ச வரி திரும்ப, 36,900 ரூபாய் பேங்குல ஏறிச்சு. மெசேஜைப் பாத்ததும் சந்தோஷமா எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்ப வீட்டுக்கு வந்திருந்த கொழுந்தனார், "இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு அண்ணி? உங்க காசை அரசாங்கத்துக்கு வட்டியில்லாம கடன் கொடுத்துட்டு, அது திரும்பி வந்ததும் வரவுன்னு சொல்றீங்க"ன்னார். அன்னிக்கு சாப்பாடு இறங்கல எனக்கு.

நாங்க செய்றது இதுதான். பழைய வரி முறையா, புதிய முறையான்னு கம்பெனில ஏப்ரல்லயே கேப்பாங்க. இவர் பதில் சொல்ல மாட்டார். சொல்லலன்னா புதிய முறைன்னு எடுத்துக்கிட்டு மாசம் 3,000 பிடிச்சிடுவாங்க. வீட்டுக்கடன் வட்டி, எல்ஐசி, பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ், மாமனார் மாமியார் மெடிக்கல் இன்சூரன்ஸ் எல்லாம் எங்களுக்குப் பழைய முறைலதான் கழியும். ஜூலைல ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) போடும்போது பழைய முறைக்கு மாறி, பிடிச்சதை வாங்கிடுவோம். ரெண்டு வருஷமா தெரிஞ்சேதான் இப்படி செய்றோம். கைக்கு வந்தா அந்த மூவாயிரம் நிக்காது. இது எனக்கு உண்டியல். இதுல என்ன தப்பு?

வில்லியனூர் கணக்கு:
அக்கா, உங்க கொழுந்தனார் சொன்ன விதம் தப்பா இருக்கலாம், விஷயம் சரி. நான் கணக்கு வேலை பாக்கிறவன், வருஷா வருஷம் அக்கம்பக்கத்துல நிறைய பேருக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன்.

2024 ஏப்ரல்ல பிடிச்ச முதல் மூவாயிரத்தை எடுத்துக்குங்க. 2025 மார்ச் முடியிற வரைக்கும் அதுக்கு ஒரு பைசா வட்டி இல்ல. வரிச் சட்டப்படி, நேரத்துக்கு ரிட்டர்ன் போட்டிருந்தா, அடுத்த நிதியாண்டு ஏப்ரல் 1லேர்ந்துதான் மாசத்துக்கு அரை சதவீதம். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அஞ்சு மாசம், 36,000க்கு 900. உங்க 36,900ல இருக்கிற அந்த 900 அதுதான். ரீஃபண்ட் தொகை உங்க மொத்த வரியில 10 சதவீதத்துக்குக் குறைவா இருந்திருந்தா அதுவும் வந்திருக்காது.

அஞ்சலக ஆர்டிக்கு (மாசாமாசம் கட்டற சேமிப்பு) 2024–25ல 6.7 சதவீதம். அதே மூவாயிரம் அங்க போயிருந்தா மார்ச் முடியும்போதே 1,300 பக்கம் வட்டி சேர்ந்திருக்கும்.

முத்தியால்பேட்டை வாணி:
கணக்குத் தம்பி, நீங்க சொல்ற வித்தியாசம் ஒரு வருஷத்துக்கு சில நூறு ரூபாய். பணம் பத்திரமா இருக்கிறதுக்கு நான் அதைத் தாராளமா கொடுப்பேன்.

நான் நர்ஸ். என் சம்பளம் ஒண்ணாம் தேதி வரும், அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை, மளிகை, மாமியார் மாத்திரைன்னு போயிடும். மாசம் ஆயிரம் ரெண்டாயிரம் கூட வந்தா அதுவும் அதோட சேர்ந்துதான் போகும், எங்க போச்சுன்னு தெரியாது. ரீஃபண்ட் அப்படி இல்ல. என் பான் கார்டுல, என் அக்கவுண்ட்ல, மொத்தமா வருது. எங்க வீட்ல என் பேர்ல முழுசா கைக்கு வர்ற காசு அது ஒண்ணுதான். மூணு வருஷமா அதை அப்படியே கொண்டு போய் தபால் ஆபீஸ்ல பொண்ணு பேர்ல செல்வமகள் கணக்குல கட்டிடறேன். 2025ல 8.2 சதவீதம் வட்டி. மாசா மாசம் கட்டணும்னா ஒரு மாசம்கூடக் கட்டியிருக்க மாட்டேன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

வில்லியனூர் கணக்கு:
செல்வமகள்ல போடறது நல்ல காரியம்க்கா, அதுல எனக்குப் பேச்சே இல்ல. ஆனா செல்வி அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும். வீட்ல கடன் ஏதாவது ஓடுதா? வீட்டுக்கடனைச் சொல்லல. கைமாத்து, அடகு?

பெண்ணைக்கரை செல்வி:
இருக்கு தம்பி. 2024 மார்ச்சுல மாமனார் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என் ஒன்றரைப் பவுன் சங்கிலியை 40,000க்கு வச்சோம். ரெண்டு வட்டி. மாசம் 800 கட்டிட்டு வர்றேன்.

வில்லியனூர் கணக்கு:
நான் பயந்தது இதுதான். நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய்னா வருஷத்துக்கு 24 சதவீதம். அரசாங்கம் உங்களுக்குக் கொடுக்கிறது வருஷத்துக்கு 6, அதுவும் கடைசி அஞ்சு மாசத்துக்கு மட்டும்.

ஏப்ரல்லேர்ந்து மாசாமாசம் அந்த 3,000த்தை அடகுக் கடைல அசல்ல கட்டியிருந்தா, 2025 மார்ச் வரைக்கும் 3,960 ரூபாய் வட்டி மிச்சம். அதுக்கப்புறம் ஏப்ரல்லேர்ந்து ஆகஸ்ட் வரை 36,000க்கு மாசம் 720, அது 3,600. மொத்தம் 7,560. உங்களுக்கு வந்தது 900. வித்தியாசம் 6,660 ரூபாய் அக்கா. இது சில நூறு இல்ல. உங்க சங்கிலி இந்நேரம் கிட்டத்தட்ட உங்க கழுத்துல இருந்திருக்கும்.

பெண்ணைக்கரை செல்வி:
ரெண்டு தரம் போட்டுப் பாத்தேன். கணக்கு சரிதான். ஆனா கணக்குல வராத ஒண்ணைச் சொல்றேன், கேளுங்க.

போன வருஷ ரீஃபண்ட் 31,000 சொச்சம், 2024 ஆகஸ்ட்ல வந்தது. அப்பவே சங்கிலியை மீட்டுடலாம்னு இவர் சொன்னார். மழைக்காலம் தாண்டட்டும்னு நான்தான் பேங்குலயே வச்சேன். நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்துச்சு, அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணியும் சேர்ந்து ஆத்துல வந்துச்சு. விடியக்காலைல கட்டிலுக்குக் கீழ தண்ணி. அரிசி டின்னு, பிள்ளைங்க புத்தகம், மிக்ஸி எல்லாத்தையும் மாடிப்படில வரிசையா ஏத்தினோம். கிரைண்டரைத் தூக்க முடியல, பிரிட்ஜ் சாய்ஞ்சு மிதந்துச்சு. தண்ணி வடிஞ்சப்ப சுவத்துல இடுப்பளவுக்கு சேத்துக் கோடு, இன்னும் லேசா தெரியுது. மோட்டார் காயில் கட்ட, பிரிட்ஜ் பாக்க, ரெண்டு மெத்தை, பத்து நாள் சாப்பாடு, எல்லாம் அந்த 31,000லதான். யார்கிட்டயும் கை நீட்டல.

அந்தக் காசை அடகுக் கடைல கட்டியிருந்தா அன்னிக்கு என் கைல என்ன இருந்திருக்கும்?

வில்லியனூர் கணக்கு:
சங்கிலி இருந்திருக்கும்க்கா. திரும்ப வச்சிருக்கலாம்.

பெண்ணைக்கரை செல்வி:
தெருவுல முழங்காலுக்கு மேல தண்ணி, கரண்ட் இல்ல, போன்ல சார்ஜ் இல்ல. எந்த அடகுக் கடை தம்பி தொறந்திருந்துச்சு?

முத்தியால்பேட்டை வாணி:
புதுச்சேரியிலயும் அந்த ரெண்டு நாள் அதே கதிதான். செல்வி அக்கா பக்கம்தான் நான்.

மந்தாரக்குப்பம் பென்ஷன்:
அனைவருக்கும் வணக்கம். ஓய்வூதியன் என்ற முறையில் என் அனுபவம். அவசரத்துக்குக் கையிருப்பு வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தக் கையிருப்பு நம் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், வரித்துறையிடம் அல்ல. செல்வி அம்மாவுக்கு வெள்ளத்தின்போது கைகொடுத்தது, ஆகஸ்டில் வந்துவிட்ட பணம். அந்த ஆண்டு ரீஃபண்ட் தாமதமாகி ஜனவரியில் வந்திருந்தால்? ரீஃபண்ட் வரும் தேதி நம் கையில் இல்லை.

என் வைப்புநிதி வட்டிக்கு 2023-இல் வங்கி 10 சதவீதம் பிடித்துவிட்டது. ஏப்ரலில் 15எச் படிவம் (எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குத் தருவது) கொடுக்க நான் மறந்ததுதான் காரணம். எனக்கு வரியே கிடையாது. அந்தப் பணத்துக்காக ரிட்டர்ன் போட்டேன், மின்சரிபார்ப்பு செய்தேன். வங்கிக் கணக்கில் என் இனிஷியல் ஒரு மாதிரி, பானில் வேறு மாதிரி என்பதால் கணக்கு உறுதியாகாமல் பணம் நின்றது. கைக்கு வரப் பல மாதம் ஆயிற்று. அதே சமயம் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை. என் பணம் இருந்தும் மகனிடம் கேட்டு வாங்கினேன். அது எனக்குப் பெரிய வருத்தம்.

2025 ஏப்ரல் 1 முதல் மூத்த குடிமக்களுக்கு வங்கி வட்டி ஒரு லட்சம் வரை பிடித்தம் இல்லை, முன்பு 50,000. அதற்கு மேல் வட்டி வாங்கி, வரி கட்ட வேண்டிய நிலை இல்லாதவர்கள் ஏப்ரல் முதல் வாரமே அதற்கான படிவத்தை வங்கியில் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: ரீஃபண்டுடன் வரும் வட்டி வருமானத்தில் சேரும். அந்த 900-ஐ அடுத்த ரிட்டர்னில் காட்ட வேண்டும் அம்மா.

லாஸ்பேட்டை வரைபடம்:
நீங்க எல்லாம் பிடிக்க விடலாமா வேண்டாமான்னு பேசறீங்க. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அந்தப் பேச்சுக்கே இடம் இல்ல. நான் இன்டீரியர் டிசைன் பண்றேன், மாசச் சம்பளம் கிடையாது. பில் போட்டா பத்து சதவீதம் பிடிச்சிட்டுத்தான் கொடுப்பாங்க. வருஷத்துக்கு ஆறு லட்சம் பில்லுன்னா 60,000 போயிடுது. என்னை மாதிரி தொழில் பண்றவங்க வாங்கினதுல பாதியை வருமானமா காட்டலாம், அப்ப மூணு லட்சம், வரி இல்ல. ஆக அந்த 60,000 முழுக்க என் உழைப்பு, என் கூலி. அது வர்ற வரைக்கும் பிளைவுட் கடைக்கும் ஆசாரிக்கும் நான் கடன் சொல்லிட்டு நிக்கிறேன். ஆசாரி வீட்ல அடுப்பெரியறதும் அந்தக் காசுலதான். ரீஃபண்டை உண்டியல், போனஸ்னு யாராவது சொன்னா எனக்கு வலிக்குது.

வில்லியனூர் கணக்கு:
தம்பி, குறைச்சுப் பிடிக்கச் சொல்லி வரித்துறைகிட்ட சான்றிதழ் கேக்கலாம். ஆன்லைன்லயே விண்ணப்பம். வருஷ ஆரம்பத்துலயே போடுங்க, உதவி வேணும்னா தனியா எழுதுங்க.

பண்ருட்டிக்காரி:
இங்க எல்லாரும் தன் காசைத் திரும்ப வாங்கறதைப் பேசறீங்க. எங்க சித்தப்பா பையனுக்கு நடந்ததைச் சொல்லியே ஆகணும். "ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், வர்றதுல பத்து சதவீதம் எனக்கு"ன்னு ஒருத்தர் அவன் வேலை பாக்கிற இடத்துக்கே வந்திருக்கார். கட்சிக்கு நன்கொடை, இல்லாத வாடகைன்னு என்னத்தையோ போட்டு 62,000 வந்துச்சு. அவன் பைக்குக்கு முன்பணம் கட்டிட்டான். அப்புறம் நோட்டீஸ் மாதிரி மெசேஜ் வந்ததும் தூக்கம் போச்சு. அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டு வரி, வட்டி, அதுக்கு மேல 25 சதவீதம் கட்டினான். கமிஷன் வாங்கினவர் போனே எடுக்கல. இதை நாமா கட்டாம, அவங்க கண்டுபிடிச்சு அபராதம் போட்டா வரியைப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் போகுமாம். ரீஃபண்டுன்னா அரசாங்கம் ஊருக்கெல்லாம் கொடுக்கிற காசு, நமக்கு மட்டும் ஏன் விடணும்னு அவன் நினைச்சான். வீட்ல நாமளும் அப்படித்தானே பேசறோம்? பிள்ளைங்க அதைக் கேட்டுத்தான் வளருது.

வில்லியனூர் கணக்கு:
பண்ருட்டி அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். எங்கிட்டயும் "பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்துச்சே, எனக்கு ஏன் இல்ல"ன்னு கேட்டு வர்றாங்க. உங்களுக்கு வரியே பிடிக்கலையேன்னு சொன்னா, நான் வேலை தெரியாதவன்னு நினைச்சுப் போறாங்க.

செல்வி அக்கா, வெள்ளத்தைப் பத்தி நீங்க சொன்னதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அதை ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணைக் கவனிச்சீங்களா? 2025–26லேர்ந்து புதிய முறைல 12 லட்சம் வரைக்கும் வரி இல்ல, சம்பளக்காரங்களுக்கு நிலைக்கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம். உங்க வீட்டுக்காரர் சம்பளம் அதுக்குள்ளதானே? அப்ப இந்த ஏப்ரல்லேர்ந்து பிடித்தமே இருக்காது. அடுத்த ஆகஸ்ட்ல ரீஃபண்டும் இருக்காது. உங்க உண்டியலை மூடியாச்சு. அஞ்சு மாசமா அந்த 3,000 உங்க கைக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கு. எங்க இருக்கு அது?

பெண்ணைக்கரை செல்வி:
தம்பி, உங்க கேள்வியைப் படிச்சுட்டு அரை மணி நேரம் அப்படியே உக்காந்துட்டேன். சம்பளம் கூட வந்தது தெரியும், இன்கிரிமென்ட்னு நினைச்சுக்கிட்டேன். ராத்திரி வரவு செலவு நோட்டை எடுத்து ஏப்ரல்லேர்ந்து ஒவ்வொரு பக்கமா பாத்தேன். கூட வந்தது 15,000. ஜூன்ல ஸ்கூல் தொறந்தப்ப யூனிஃபார்ம், ஷூ, நோட்டு, வேன் முன்பணம் 6,500. போன வருஷம் இதுக்கு எதிர் வீட்டு அக்காகிட்ட 5,000 கைமாத்து வாங்கினேன், இந்த வருஷம் வாங்கல. அதை இப்பத்தான் கவனிக்கிறேன். வண்டி டயர் 2,000. ரெண்டு கல்யாணத்துக்கு மொய் 3,000. மீதி 3,500 எங்க போச்சுன்னு எத்தனை தரம் கூட்டினாலும் வரல.

வாணி, நீ சொன்ன மாதிரி அந்த 3,500 மளிகையோட மளிகையா போயிருக்கு.

முத்தியால்பேட்டை வாணி:
எனக்கும் இந்த ஏப்ரல்லேர்ந்து பிடித்தம் இல்லக்கா. பொண்ணு கணக்குல இந்த வருஷம் இன்னும் ஒரு ரூபா கட்டல. குறைஞ்சது 250 கட்டாட்டா கணக்கு நின்னு போகும்னு இப்பத்தான் உறைக்குது.

பெண்ணைக்கரை செல்வி:
நாளைக்குக் காலைல பேங்குக்குப் போறேன். அஞ்சலக ஆர்டி அஞ்சு வருஷம்ங்கறதால எனக்கு ஒத்துவராது, மழைக்காலத்துக்கு முன்னாடி கைல இருக்கணும். பேங்குலயே 12 மாச ஆர்டி, ரெண்டாம் தேதி தானா பிடிச்சுக்கிற மாதிரி 2,500க்கு எழுதிக் கொடுக்கிறேன். வந்திருக்கிற 36,900ல 10,000 இந்த ஐப்பசி கார்த்திகைக்கு அப்படியே இருக்கட்டும். மிச்சத்துல 26,000 அடகுக் கடைல அசலுக்கு. மாச வட்டி 800லேர்ந்து 280 ஆகும், அந்த 520ஐயும் அசல்லயே கட்டிட்டு வர்றேன். முழுசையும் கட்டச் சொல்லி நீங்க திரும்பக் கேக்காதீங்க தம்பி, அந்த 10,000 இல்லாம எனக்கு மழைல தூக்கம் வராது.