வெள்ளி விலையும் ஞாயிறு ஆராதனையும்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆர்டர் குவிந்தால் ஞாயிறும் பட்டறைதான், ஆராதனைக்குப் போய் ஆறு மாதமாகிறது, காலையில் ஜெபத்துக்கு முன்னால் போனில் வெள்ளி விலையைத்தான் பார்க்கிறேன். சிலை எதையும் கும்பிடவில்லை, ஆனாலும் மனசு உறுத்துகிறது. இதுவும் விக்கிரகமா?

பதில்: ஆமாம் தம்பி. பைபிளில் கொலோசெயர் 3:5 பொருளாசையையே விக்கிரகாராதனை என்கிறது. எசேக்கியேல் 14-ல் இஸ்ரவேலின் மூப்பர்கள் இருதயத்துக்குள் விக்கிரகத்தை வைத்துக்கொண்டுதான் தீர்க்கதரிசி முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். தொழில் பாவமில்லை, எது போனால் உயிரே போனதுபோல் இருக்குமோ, அதைப் பார்.

இன்னொரு பதில்: ஏற்காட்டில் எனக்குக் காபித் தோட்டம். பழம் பறிக்கும் டிசம்பர், ஜனவரியில் ஞாயிறை விட்டேன், அப்புறம் கோடையிலும் போகத் தோன்றவில்லை. திரும்பிப் போன அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை, நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பாட்டு தொடங்கியதும் அழுதுவிட்டேன்.

கேட்டவர்: சரி அண்ணா, இந்த ஞாயிறு பட்டறைக்குப் பூட்டு.