நீதிமன்றச் செய்தியிலிருந்து ஊழல் புலனாய்வுக்குச் செல்ல வழி உண்டா?

கேள்வி: இளம் நிருபர்

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாகப் பொதுச் செய்திப் பிரிவில் பணியாற்றி வருகிறேன். ஊழலைப் பற்றிய புலனாய்வுச் செய்திகளை எழுத வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். இப்போது ஆசிரியர் என்னை நீதிமன்ற பீட்டுக்கு, அதாவது நீதிமன்றச் செய்திகளை மட்டும் கவனிக்கும் பொறுப்புக்கு, மாற்றப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே போனால் வாய்தாவையும் தீர்ப்பையும் எழுதியே காலம் கழிந்துவிடும் என்று சக நிருபர்கள் சிலர் எச்சரிக்கிறார்கள். என் வீட்டாரோ அவதூறு வழக்குகளை நினைத்து அஞ்சுகிறார்கள். நீதிமன்றத்தில் கழியும் ஆண்டுகள் புலனாய்வுக்கு உண்மையிலேயே பயன்படுமா? வழக்குகளைப் பற்றிய அச்சத்தை நீங்கள் எவ்வாறு எதிர்கொண்டீர்கள்?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற நீதிமன்றச் செய்தியாளர்

தயங்காமல் செல்லுங்கள். அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலகச் செய்த வாட்டர்கேட் விவகாரத்தை எல்லோரும் ரகசியச் சந்திப்புகளின் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் முதல் இழை நீதிமன்றத்தில்தான் கிடைத்தது. 1972 ஜூன் 17 அன்று, எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் அலுவலகத்துக்குள் அத்துமீறி நுழைந்து பிடிபட்ட ஐவர் நீதிபதி முன் நிறுத்தப்பட்டபோது, அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மெக்கார்ட் தாம் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர் என்றார். எந்தத் துறை என்று நீதிபதி கேட்டதும், சி.ஐ.ஏ. (அமெரிக்க உளவு நிறுவனம்) என்று தாழ்ந்த குரலில் பதிலளித்தார். அந்தச் சொல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் பாப் உட்வர்டின் காதில் விழுந்ததற்குக் காரணம், அவர் அந்த அறையில் அமர்ந்து கவனித்துக்கொண்டிருந்தார் என்பதே.

என் அனுபவத்தில், ஊழல் வழக்குகளைவிடக் கூட்டாளிகள் பிரிந்து தொடுக்கும் சாதாரண உரிமையியல் வழக்குகளே அதிகம் தந்திருக்கின்றன. பணம் கைமாறியபோது ஒற்றுமையாக இருந்தவர்கள் பங்கு பிரிக்கும்போது சண்டையிடுகிறார்கள். அப்போது ஒருவர் மற்றவருக்கு எதிராகத் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தின் இணைப்புகளில், எந்த அதிகாரியும் நமக்குத் தரமாட்டாத வங்கிக் கணக்குகளும் கடிதங்களும் கிடக்கும். ஒருமுறை, பேசிய ஆலோசனைக் கட்டணம் வந்து சேரவில்லை என்று ஒருவர் தொடுத்த வழக்கை, வேறெந்த நிருபரும் இல்லாத அறையில் அமர்ந்து கேட்டேன். அவர் என்ன ஆலோசனை வழங்கினார் என்பதை இரு தரப்பு வழக்கறிஞர்களும் சொல்லத் தயங்கியது எனக்கு உறுத்தியது. அந்தக் கட்டணம் ஓர் அரசு ஒப்பந்தத்தைப் பெற்றுத் தந்ததற்கான தரகு என்பதை ஆவணங்களைக் கொண்டு நிறுவ எட்டு மாதங்கள் ஆயின. அந்த எட்டு மாதங்களிலும் அன்றாடச் செய்திகளை எழுதிக்கொண்டேதான் இருந்தேன்.

மறுமொழி 2: ஊடக வழக்கறிஞர்

அச்சம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதிலளிக்கிறேன். நீங்கள் அறிந்த உண்மை வேறு, நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கக்கூடிய உண்மை வேறு. பிரசுரத்துக்கு முன் நான் படிக்கும் ஒவ்வொரு செய்தியிலும் இந்த இடைவெளியைத்தான் தேடுகிறேன். திறந்த நீதிமன்றத்தில் நடந்ததை நேர்மையாகவும் பிழையின்றியும் எழுதினால் பல நாடுகளின் சட்டங்கள் பாதுகாப்பு அளிக்கின்றன. ஆனால் தாழ்வாரத்தில் ஒரு வழக்கறிஞர் சொன்னதை அந்தப் பாதுகாப்பு காக்காது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தீர்ப்புக்கு முன்பே குற்றவாளி என்று எழுதும் ஒரு சொல் போதும், பல மாத உழைப்பு வீணாகிவிடும். எதிர்த்தரப்பிடம் விளக்கம் கேட்கும்போது, பதிலளிக்கப் போதிய அவகாசம் கொடுங்கள். இரவில் கேள்வி அனுப்பிவிட்டுக் காலையில் அச்சிட்டால் அதுவே உங்களுக்கு எதிரான சான்றாகும்.

நீதிமன்ற அவமதிப்பையும் அறிந்துகொள்ளுங்கள். தாலிடோமைடு மருந்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் இழப்பீட்டுக் கோரிக்கை முடிவுக்கு வராத நிலையில், அம்மருந்தின் வரலாற்றைப் பற்றி சண்டே டைம்ஸ் வெளியிட இருந்த கட்டுரைக்கு பிரிட்டனில் தடை விதிக்கப்பட்டது. அத்தடை கருத்துச் சுதந்திரத்தை மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1979-இல் தீர்ப்பளித்தது. அதுவும் 11 நீதிபதிகள் ஒருபுறமும் 9 பேர் மறுபுறமுமாகப் பிரிந்து நின்ற பின்னரே. சட்டம் தெளிவாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

வெல்வதற்காக அல்லாமல் சோர்வடையச் செய்வதற்காகவே தொடுக்கப்படும் வழக்குகளும் உண்டு. மால்டாவின் பத்திரிகையாளர் டாஃப்னே கருவானா கலிசியா 2017 அக்டோபரில் கார் குண்டுக்குப் பலியானபோது அவர் மீது 40-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. இத்தகைய வழக்குகளுக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த சட்ட நெறிமுறை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. எனவே புதிய பீட்டை ஏற்கும் முன், வழக்கு வந்தால் செலவை நிறுவனம் ஏற்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

மறுமொழி 3: புலனாய்வுக் குழுவில் பணியாற்றுபவர்

முதல் மறுமொழியோடு ஓரளவுக்கே உடன்படுகிறேன். நீதிமன்றத்துக்கு வரும் ஒவ்வோர் ஆவணமும் யாரோ ஒருவருடைய நலனுக்காக வருகிறது. சண்டையிடும் கூட்டாளி தன் பங்கை மறைத்துவிட்டு மற்றவரின் பங்கை மட்டுமே காட்டுவார். ஆகவே வெளியிலும் சரிபார்க்கப் பழக வேண்டும். ஸ்லோவாக்கியாவின் நிருபர் யான் குசியாக் நிறுவனப் பதிவேடுகளையும் பிற பொது ஆவணங்களையும் ஒப்பிட்டு எழுதியவர். 2018 பிப்ரவரியில், 27 வயதில், அவரும் அவர் மணக்கவிருந்த பெண்ணும் சுட்டுக் கொல்லப்பட்டனர். எழுந்த போராட்டங்களால் அடுத்த மாதமே பிரதமர் பதவி விலகினார்.

தனியாக உழைக்காதீர்கள் என்று சொல்வதற்கும் அதுவே காரணம். வெளிநாட்டு நிறுவனங்கள் வழியாகச் சொத்தை மறைத்தவர்களை அம்பலப்படுத்திய பனாமா ஆவணங்களில் 1 கோடியே 15 லட்சம் கோப்புகள் இருந்தன. 100-க்கும் மேற்பட்ட ஊடக நிறுவனங்கள் ஏறக்குறைய ஓராண்டு பணியாற்றி 2016-இல் ஒரே நேரத்தில் வெளியிட்டன. செய்தி பலரிடம் இருக்கும்போது ஒருவரை மிரட்டி அதை நிறுத்த முடியாது. தகவல் தருபவரையோ நம்மைவிடக் கூடுதலாகக் காக்க வேண்டும். இந்தியாவுக்குப் பீரங்கி விற்றதில் நடந்த போஃபர்ஸ் ஊழல் பற்றிய ஆவணங்களைத் தந்த சுவீடன் காவல்துறை அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ராம், செய்தி வெடித்து 25 ஆண்டுகள் கழித்து, 2012-இல்தான் தாமாக முன்வந்து தம் பெயரை வெளியிட்டார்.

இளம் நிருபர்

மிக்க நன்றி ஐயா, நன்றி நண்பர்களே. மாற்றத்தை ஏற்க முடிவு செய்துவிட்டேன். முதல் வாரத்திலிருந்தே நான் பழக வேண்டியது என்ன?

ஓய்வுபெற்ற நீதிமன்றச் செய்தியாளர்

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு எண், இரு தரப்பினர், வழக்கறிஞர்கள், அடுத்த வாய்தா தேதி, ஏன் ஒத்திவைக்கப்பட்டது என்ற காரணம் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு மாலையும் எழுதுங்கள். காரணத்தைப் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். ஒரே வழக்கு ஆறு முறை ஒரே காரணத்துக்காக ஒத்திவைக்கப்பட்டிருந்தால், அந்தக் கோப்பின் நகலைக் கேட்டு விண்ணப்பியுங்கள்.