சிப்ரோவுக்கு நேரே 'ஆர்': டைபாய்டு வந்த வீட்டு அனுபவங்கள்

திருச்சி அம்மா:
போன ஆவணியில் மகனுக்குக் காய்ச்சல். காலையில் தணியும், பொழுது சாய்ந்தால் 103-ஐத் தொடும். நாக்கில் வெள்ளைப் படிவு, வயிறு பொருமல். தெருமுனை மெடிக்கலில் கேட்டு சிப்ரோபிளாக்சசின் வாங்கி ஐந்து நாள் கொடுத்தேன். காய்ச்சல் அசையவே இல்லை.

மருத்துவமனையில் முதல் கேள்வியே, "ஏற்கெனவே ஆன்டிபயாடிக் கொடுத்தீங்களா?" என்பதுதான். கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுக்கும் முன்பே மாத்திரை போட்டுவிட்டால், கிருமி உடம்பில் இருந்தும் பாட்டிலில் வளராமல் போகலாமாம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நல்லவேளை, மூன்றாம் நாள் வளர்ந்துவிட்டது: சால்மோனெல்லா டைஃபி, டைபாய்டு கிருமி.

அந்த ரிப்போர்ட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்கும். நேரே 'எஸ்' என்றால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. சிப்ரோவுக்கு ஆர். செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் எஸ். குளோரம்பெனிகாலும் எஸ்! என் அப்பா காலத்து டைபாய்டு மருந்து அது. பல வருடம் அதை அதிகம் கொடுக்காமல் விட்டதில், நம் ஊர்க் கிருமிகள் பலவற்றில் அந்த மருந்தை எதிர்த்துத் தப்பிக்கும் திறன் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். செஃப்ட்ரியாக்சோன் ஊசி தொடங்கியும் ஐந்தாம் நாள்தான் காய்ச்சல் விட்டது. சரியான மருந்துக்கே அவ்வளவு நாள் பிடிக்குமாம்.

துபாய் செவிலி:
செஃப்ட்ரியாக்சோன் எஸ் வந்ததே பெரிய விஷயம் அம்மா. நான் கவனித்த ஒரு நோயாளி விடுமுறைக்குக் கராச்சி போய்த் திரும்பியவர். அவருக்கு அதுவும் ஆர். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் 2016-இல் தலையெடுத்த வகை. மாத்திரையில் அசித்ரோமைசின், ஊசியில் மெரோபெனெம் மாதிரி ஓரிரண்டு, அவ்வளவுதான் மிச்சம். 2019-இல் பாகிஸ்தான் டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தது. நம் ஊரிலும் அந்தத் தடுப்பூசி கிடைக்கிறது, ஆறு மாதக் குழந்தையிலிருந்தே போடலாம். தயவுசெய்து போடுங்கள்.

பல்லடத்துக்காரன்:
டைபாய்டு கிருமி மனிதரிடமிருந்து வருவது. கோழியில் இருப்பது வேறு சால்மோனெல்லா. ஆனால் கிருமிகளிடம் மருந்தெதிர்ப்பை வளர்த்துவிட்டதில் கோழிப்பண்ணைக்காரர்களான எங்களுக்கும் பங்கு உண்டு. நான் வேலை பார்த்த பண்ணையில் நோயில்லாத குஞ்சுகளுக்கும் எடை கூடட்டும் என்று தீவனத்தில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் பொடி கலப்போம். என் கையாலேயே கலந்திருக்கிறேன். 2019 ஜூலையில் அரசு தடை போட்டபோதுதான், ஐசியூவில் எதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது என்று தெரிந்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை. இப்போது கறியிலுள்ள கிருமி ஒட்டிவிடுமே என்று, வீட்டில் கோழிக்கறி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்க விடுவதில்லை.