தராசு அசையேல்ல, இடுப்பு 4 சென்ரிமீற்றர் இறங்கியிருக்கு. எப்பிடி?

மரைன்டிரைவ்_நடை (வெள்ளவத்தை):
வணக்கம். பெண், வயசு 34, உயரம் 158 செ.மீ. ஜிம் தொடங்கி ரெண்டு மாதம். தொடங்கேக்க நிறை 68 கிலோ, இப்ப 68.3. ஆனா இடுப்பு 92 செ.மீ. இல இருந்து 88க்கு வந்திட்டுது, ஜீன்ஸ் லூஸ். ஜிம்மில கேட்டா "கொழுப்பு தசையா மாறுது, தசை பாரம் கூட" எண்டு சொல்லினம். உண்மையா? நிறை குறையோணுமெண்டா வெயிட்டை விட்டிட்டு நடையை மட்டும் கூட்டட்டோ? இப்ப கிழமையில 3 நாள் ஜிம், மிச்ச நாள் பின்னேரம் 5 கிலோமீற்றர் நடை.

இரும்புத்தட்டு:
வெயிட்டை விடாதேங்கோ. ஜிம்மில சொன்னதில ஒண்டு பிழை, மற்றது அரைகுறை.

கொழுப்பு தசையா மாறாது. கொழுப்புக் கலம் சுருங்கிறது ஒரு வேலை, தசைநார் தடிக்கிறது வேற வேலை. புதுசா தொடங்கினவைக்கு ரெண்டும் ஒரே காலத்தில நடக்கும், அவ்வளவுதான்.

"தசை பாரம் கூட" எண்டதை கொஞ்சம் கணக்காப் பாப்பம். ஒரு லீற்றர் தசை ஏறத்தாழ 1.06 கிலோ, ஒரு லீற்றர் கொழுப்பு 0.9 கிலோ. 2 கிலோ கொழுப்பு போனா 2.2 லீற்றர் இடம் காலி. 2 கிலோ தசை வந்தா 1.9 லீற்றர் நிரம்பும். மிச்சம் வெறும் 0.3 லீற்றர், நாலு யோகட் கப் அளவு. முகநூலில சுத்துற அந்தப் படம், பெரிய மஞ்சள் கட்டியும் பக்கத்தில குட்டிச் சிவப்புத் துண்டும், சுத்த மிகைப்படுத்தல். அடர்த்தி வித்தியாசத்தால மட்டும் ஒரு ஜீன்ஸ் லூசாகாது.

லூசாகிறதுக்குக் காரணம், எங்க இருந்து போகுது, எங்க வருது எண்டது. வயிற்றுக் கொழுப்பு ஒரே இடத்தில இருந்து போகுது. வாற தசை தொடை, பிட்டம், முதுகு, தோள் எண்டு பிரிஞ்சு ஒட்டுது. உங்கட அளவையே எடுங்கோ. சுற்றளவு 92 எண்டா, வட்டமா நினைச்சா குறுக்குவெட்டு 674 சதுர செ.மீ.; 88 எண்டா 616. வித்தியாசம் 58 அளவில. வயிற்றுப் பகுதி 30 செ.மீ. உயரமெண்டு பிடிச்சா 1.7 லீற்றர். உடம்பு வட்டமில்லை, மேலையும் கீழையும் ஒரேயளவு குறையாது, அதால ஒரு லீற்றருக்கு மேல எண்டு வைப்பம். ஒரு கிலோவுக்குக் கிட்டவோ கொஞ்சம் மேலையோ கொழுப்பு போயிருக்கு.

அப்ப தராசு ஏன் அசையேல்ல? ரெண்டு மாதத்தில ஒரு பெண்ணுக்கு அரைக் கிலோ தசை ஏறினாலே நல்லது, ஒரு கிலோ எண்டா மிக நல்லது. மிச்சம் தண்ணி. பயிற்சி செய்யிற தசை கிளைக்கோஜனை (உடம்பு சேமிச்சு வைக்கிற மாச்சத்து) கூடுதலாச் சேமிக்கும், ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணியோட இருக்கும். 120 கிராம் கூடினா தராசில அரைக் கிலோ. பயிற்சி முடிஞ்சு ஒண்டு, ரெண்டு நாளில தசை நோகுமே, அந்த வீக்கத்துக்கும் தண்ணி வேணும். கால் பயிற்சிக்கு மறுநாள் தராசில ஏறிப்போட்டு மனம் உடையிறதில அர்த்தமில்லை.

கொச்சிக்காய்_அக்கா:
அளக்கிற முறை சரியில்லாட்டி 4 செ.மீ. எண்டதே பொய்யாயிருக்கலாம். ஜீன்ஸ் இடுப்பை அளக்காதேங்கோ. கடைசி விலா எலும்பின்ர கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின்ர மேல் விளிம்பையும் விரலால தடவிக் கண்டுபிடிச்சு, ரெண்டுக்கும் நடுவில டேப்பை வையுங்கோ. டேப் நிலத்துக்குச் சமாந்தரமா இருக்கோணும், பின்பக்கம் சரியும், கண்ணாடியில பாருங்கோ. வயிற்றை எக்காம, சாதாரணமா மூச்சு விட்டு முடியேக்க வாசியுங்கோ. தோலில முட்டோணும், தோலை அமுக்கக் கூடாது. மூண்டு தரம் எடுத்து நடுவில உள்ளதை எழுதுங்கோ. தையல் டேப் பழசானா இழுபடும், ஒரு அடிமட்டத்தோட வைச்சுச் சரிபாருங்கோ.

நிறை: காலமை, கழிப்பறைக்குப் போனபிறகு, தேத்தண்ணிக்கு முன்னம், ஒரே உடுப்போட. தராசு சீமெந்து அல்லது டைல்ஸ் நிலத்தில, பாயிலயோ கம்பளத்திலயோ இல்லை. கிழமையில 4 நாள் எடுத்துச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கோ. மாதவிலக்குக்கு முந்தின நாளுகளில தண்ணி தேங்கி நிறை ஏறும், அதால போன மாதத்தின்ர அதே கிழமையோட ஒப்பிடுறதுதான் நியாயம். முதல் நாள் இரவு கொத்துறொட்டி, கருவாடு எண்டா உப்பாலயும் ஏறும், ரெண்டு நாளில இறங்கும்.

மரைன்டிரைவ்_நடை:
ரெண்டு பேருக்கும் நன்றி. டேப் நீங்க சொன்ன இடத்தில வைச்சுத்தான் எடுத்தனான். ஆனா ஜிம்மில கைபிடிச்சு ஏறி நிக்கிற மெஷின் ஒண்டு இருக்கு. அதில கொழுப்பு 36 இல இருந்து 37 வீதமாம். அதுதான் குழப்பம்.

இரும்புத்தட்டு:
முதல் தரமும் இந்தத் தரமும் எத்தினை மணிக்கு ஏறினீங்கள்? ஒண்டு பயிற்சிக்கு முன்னம், மற்றது பின்னம் எண்டா அந்த ஒரு வீதத்துக்கு மதிப்பே இல்லை.

அந்த மெஷின் கொழுப்பை அளக்கிறதில்லை. உடம்பூடாக மெல்லிய மின்னோட்டம் விட்டுத் தடையை அளக்குது. தண்ணி நிறைஞ்ச தசையில மின் இலகுவாப் போகும், கொழுப்பில தடைப்படும். தடையோட உங்கட உயரம், வயசு, நிறையைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில போட்டு வீதத்தை ஊகிக்குது. கொழும்பு வெக்கையில ஒரு மணித்தியாலம் வேர்த்தபிறகு ஏறினா உடம்பில தண்ணி மாறியிருக்கும், அதால காட்டுற வீதமும் மாறும். சாப்பிட்டவுடன, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கேக்க, ஈரக் கையோட ஏறினாலும் மாறும். கால் மட்டும் வைக்கிற வீட்டுத் தராசு இன்னும் மோசம், மின் பெரும்பாலும் ஒரு காலால ஏறி மற்றக் காலால இறங்கும், வயிறு கணக்கிலயே வராது.

பாவிக்கிறதெண்டா ஒரே மெஷின், ஒரே நேரம், பயிற்சிக்கு முன்னம், சாப்பிட்டு 3 மணித்தியாலத்துக்குப் பிறகு. மாதத்துக்கு ஒருக்கா காணும். அதில "கொழுப்பில்லா நிறை" எண்டு வாறதும் தசை மட்டுமில்லை, எலும்பு, உறுப்பு, தண்ணி எல்லாம் சேர்ந்தது. பேஸ்மேக்கர் வைச்சவை அந்த மெஷினில ஏறவே கூடாது.

நடைக்கு வருவம். உங்கட நிறைக்கு 5 கிலோமீற்றர் நடந்தா 250 கலோரி அளவில செலவு. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. நடை நல்லது, விடாதேங்கோ, ஆனா நடையை மட்டும் வைச்சு சாப்பாட்டையும் குறைச்சா கொழுப்போட தசையும் போகும். தராசு சந்தோசமாக் காட்டும், உடம்பு தொளதொளவெண்டு இருக்கும். தசை கூடினா சும்மா இருந்தாலே கொழுப்பு எரியும் எண்டு சிலர் சொல்லினம், அதையும் நம்ப வேண்டாம்: ஒரு கிலோ தசை ஓய்வில ஒரு நாளைக்கு 13 கலோரிதான் எரிக்கும்.

வெயிட்டில எல்லாருக்கும் பிழைக்கிற இடம் ஒண்டு: மாதக்கணக்கா அதே 3 கிலோ டம்பெல். 8 இல இருந்து 12 தரம் தூக்கி, நிப்பாட்டேக்க இன்னும் ரெண்டு தரம்தான் முடியும் எண்ட அளவு பாரம் வேணும். மூண்டு செற்றும் 12 வந்திட்டா அடுத்த முறை பாரத்தைக் கூட்டுங்கோ: டம்பெல் எண்டா அடுத்தது, பார்பெல் எண்டா 2.5 கிலோ. ஸ்குவாட் (குந்தி எழும்புறது), ரோ (பாரத்தை இழுக்கிறது), பிரெஸ் (தள்ளுறது), டெட்லிஃப்ட் (நிலத்தில இருந்து தூக்கிறது) காணும். வயிற்றுக்கு மட்டும் நூறு கிரஞ்ச் அடிச்சா வயிற்றுக் கொழுப்பு மட்டும் போகாது. பிளாஸ்ரிக் பெல்ற் கட்டி நடக்கிறவைக்குப் போறது வேர்வை, ரெண்டு கிளாஸ் தண்ணியில திரும்பி வந்திடும்.

பருப்புச்சொதி (கொட்டாஞ்சேனை):
சாப்பாடு பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. தசை ஏற ஒரு கிலோ நிறைக்கு 1.2 இல இருந்து 1.6 கிராம் புரதம், உங்களுக்கு நாளைக்கு 80 கிராமுக்குக் குறையாம. எங்கட சாப்பாட்டில அது தானா வராது. கடைச் சோத்துப் பார்சலில பருப்பு எண்டு ஊத்துறது பாதிக்கு மேல தண்ணி. வீட்டில 50 கிராம் காய்ஞ்ச பருப்பு போட்டா 12 கிராம், ரெண்டு முட்டை 12, பச்சையா நிறுத்த 150 கிராம் மீன் 30, 50 கிராம் காய்ஞ்ச கடலை அவிச்சா 10, நாள் முழுக்கச் சாப்பிடுற சோத்தில 8. இதோட பாலோ தயிரோ சேர்த்தா கிட்ட வந்திடும். வெள்ளிக்கிழமை மச்சம் இல்லாத வீடெண்டா அண்டைக்குத்தான் கூடக் குறையும், கடலை, சோயாமீற், தயிரைக் கூட்டுங்கோ. சிறுநீரக வருத்தம் உள்ளவை டொக்டரைக் கேட்காமக் கூட்டக் கூடாது.

மற்றது பால் தேத்தண்ணி. குவிச்சு ஒரு கரண்டி பால்மா, ரெண்டு தேக்கரண்டி சீனி, ஒரு கோப்பை 90 கலோரி. ஒபிசில நாலு குடிச்சா இரும்புத்தட்டு சொன்ன நடையை விடக் கூட.

மரைன்டிரைவ்_நடை:
அப்ப எதுவரைக்கும் தராசு அசையாம இருந்தா பரவாயில்லை?

இரும்புத்தட்டு:
டேப் இறங்கிக்கொண்டு இருக்கிற வரைக்கும். 5, 6 கிழமையா ரெண்டும் நிண்டா அதைத் தசை எண்டு சொல்லிச் சமாளிக்க வேண்டாம், சாப்பாடு கூடிப்போச்சு எண்டு அர்த்தம். சோத்தில கால்வாசியைக் குறைச்சு அடுத்த மாதம் திரும்ப அளவுங்கோ. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்பு எல்லை 80 செ.மீ., உங்களுக்கு இன்னும் 8 இருக்கு. உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்தோட நிறையை ஒப்பிடுற கணக்கு) 27 சொச்சம், ஆசியர்களுக்கு 23க்கு மேல போனாலே கவனம் எண்டுதான் உலக சுகாதார அமைப்பு சொல்லுது, அதால நிறையும் ஒருநாள் இறங்கத்தான் வேணும். புது ஆளுக்கு வாற தசை வளர்ச்சி மெல்ல மெல்ல மந்தமாகும், அப்ப தராசும் அசையத் தொடங்கும். இப்போதைக்கு இடுப்போட தொடையையும் கையையும் எழுதி வையுங்கோ. இடுப்பு இறங்க, தொடை அப்பிடியே நிக்க, ஸ்குவாட் பாரம் ஏற, இந்த மூண்டும் சேர்ந்து வந்தா ஒண்டையும் மாத்த வேண்டாம்.