புதுப்பிப்பு: சொந்தக் காசில் மென்பொருள் தொழில், விட்டுப்போனவை

முதலீட்டாளர் இல்லாமல் தனியாளாக மென்பொருள் விற்பவர்களுக்கு எவையெல்லாம் உதவும் என்று முன்பு ஓர் இழை போட்டிருந்தேன். சொந்தக் காசில் மென்பொருள் தொழில் செய்பவர்களுக்காக 2011-இல் தொடங்கிய மைக்ரோகான்ஃப் மாநாட்டின் உரைகளையும், கோர்ட்லண்ட் ஆலன் 2016-இல் தொடங்கிய இண்டி ஹேக்கர்ஸ் தளத்தில் வந்த இப்படிப்பட்டவர்களின் நேர்காணல்களையும் அதில் சொன்னேன். இப்போதும் அவற்றைத்தான் முதலில் சொல்வேன்.

அதற்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவது பற்றி. கார்டு வழியாகப் பணம் வசூலித்துத் தரும் வழக்கமான கட்டணச் சேவையில் சட்டப்படி விற்பவர் நீங்கள்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து அங்குள்ள தனிநபர்களுக்கு மென்பொருள் சந்தா விற்றால், முதல் விற்பனையிலிருந்தே வாங்குபவரின் நாட்டு வாட் வரியை (மதிப்புக் கூட்டு வரி) வசூலித்துக் கட்டியாக வேண்டும். பேடில், லெமன் ஸ்க்வீஸி போன்ற சேவைகள் தாங்களே விற்பனையாளராக நின்று இந்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன. கமிஷன் சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் தனியாளாக ஆரம்பிப்பவர் தயங்காமல் இதையே எடுக்கலாம்.

சந்தா விற்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் விலக நினைத்தே இருக்க மாட்டார். கார்டு காலாவதியாகியிருக்கும், கட்டணம் போகாது, கணக்கு தானாக மூடிக்கொள்ளும். மறுமுயற்சியையும் நினைவூட்டல் மின்னஞ்சலையும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

அப்புறம், தனியாளாக மென்பொருள் விற்ற பேட்ரிக் மெக்கென்சி, 2006-இல் தொடங்கிய பிங்கோ கார்டு கிரியேட்டர் (ஆசிரியர்கள் பிங்கோ விளையாட்டு அட்டைகள் தயாரிக்க உதவும் மென்பொருள்) பற்றித் தன் வலைப்பதிவில் எழுதிய வரவு செலவு விவரங்கள். சின்னத் தொழிலின் கணக்கை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியவர்கள் குறைவு. விலை வைக்கும் முன் அவசியம் படியுங்கள்.