புகையிலை சேர்க்காத வெற்றிலை மருந்தாம்!

காலிவீதி

'நீண்ட ஆயுளுக்கு நம் உணவு' திரியில் நம் உறுப்பினர் பழஞ்சோறு நேற்று எழுதியதை அப்படியே தருகிறேன்: "வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் புகையிலை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் மருந்து. புகையிலை சேர்க்காமல் போடுகிறவனுக்கு ஒன்றும் வராது. என் அப்பம்மா கண்மூடும்வரை போட்டார்." இதற்கு 17 பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். அந்த 17 பேருக்காகத்தான் இந்தத் தனித் திரி.

பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். புகையிலை சேர்த்தாலும் உண்டாக்கும், சேர்க்காவிட்டாலும் உண்டாக்கும். பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் புகையிலை சேர்த்த வெற்றிலையை மட்டும்தான் குற்றவாளி என்றது. 2004இல் புகையிலை சேர்க்காத வெற்றிலையையும் தனிப் பாக்கையும் முதலாம் குழுவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்துவிட்டது. பழஞ்சோறு இன்னும் 1985இல் குந்தியிருக்கிறார்.

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாயில் வருவது. இந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதை மருந்து என்று எழுதத் தனித் துணிச்சல் வேண்டும்.

பழஞ்சோறு

என் அப்பம்மாவைத் தலைப்புச் செய்தி ஆக்கியதற்கு நன்றி. 93 வயது. கடைசி வருடம்கூட முறுக்கைக் கடித்துத்தான் சாப்பிட்டார். பொடிசெய்து கொடுத்தால் கோபித்துக்கொள்வார். லியோனில் இருப்பவர்கள் வெற்றிலைக் கொடியைக் கண்ணால் கண்டிருப்பார்களா?

திரு. காலிவீதி பயமுறுத்துவது புதிதும் அல்ல. 2021இல் தேங்காய் எண்ணெய்த் திரியில் என்ன ஆட்டம் ஆடினார் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். அவர் பேச்சைக் கேட்டு எங்கள் வீட்டில் இரண்டு போத்தல் எண்ணெயைக் கொட்டினோம்.

காலிவீதி

எண்ணெய்க் கதையை இழுத்ததால் ஒரே வரி. 2021 மார்ச்சில் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சை நஞ்சு அகப்பட்டது வெளிநாட்டிலிருந்து வந்த, சுத்திகரிக்காத எண்ணெயில். நான் சொன்னதும் அந்த எண்ணெயைப் பற்றித்தான். நீங்கள் ஊர்ச் செக்கில் ஆட்டியதைக் கொட்டியிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இனிப் பாக்கு. தாய்வானில் வெற்றிலை போடுகிறவர்கள் வழக்கமாகப் புகையிலை சேர்ப்பதில்லை. அங்கே வாய்ப் புற்றுநோய் குவிந்து கிடக்கிறது. பப்புவா நியூகினியில் பாக்கையும் சுண்ணாம்பையும் வெற்றிலைக் கொடியின் காயோடு சேர்த்து மெல்லுகிறார்கள், புகையிலை கிடையாது. அங்கும் அதே நிலை. கராச்சியில் செய்த ஓர் ஆய்வு 2000இல் வெளிவந்தது. புகையிலை இல்லாத பீடாவும் தன்னளவில் காரணம் என்று அதுவும் சொன்னது. உங்கள் அப்பம்மா மூன்று நாடுகளுக்குச் சமமா?

வேலணையான்

இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து புகையிலையைப் போட்டு மிதிப்பது ஏன்? யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போன சரக்கு. தென்னிலங்கைப் பட்டினங்களில் சுருட்டுக்கடை வைத்துத்தான் எங்கள் ஆட்கள் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். என் பாட்டனாரும் அப்படித்தான். இன்று அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் வெள்ளவத்தை மாடிவீட்டில் இருந்துகொண்டு புகையிலை விஷம் என்று எழுதுகிறார்கள்.

காலிவீதி

வேலணையாரே, புகையிலை விஷம்தான். பாட்டனார் நல்லவர் என்பதால் நிக்கொட்டின் நல்லதாகிவிடாது. இங்கே கேள்வி பாக்கு.

மலைக்காற்று

நான் புறக்கோட்டையில் மொத்தக் கடையொன்றில் வேலை செய்கிறேன். பிறந்தது தேயிலைத் தோட்டத்தில். உங்களில் யாராவது விடியற்காலை மலைக்கு ஏறியிருக்கிறீர்களா? அம்மா இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டி, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு லயத்து வாசலில் நிற்பார். கை விறைத்துப்போயிருக்கும். மடிப்பையிலிருந்து வெற்றிலையை எடுத்து, முந்தானையில் துடைத்து, காம்பைக் கிள்ளி, நகத்தால் சுண்ணாம்பு தொட்டுத் தடவி, ஒரு துண்டுப் பாக்கை வைத்து மடித்து வாயில் அடக்கிக்கொள்வார். உடம்பில் சூடு ஏறும், பத்து மணிவரை பசிக்காது. காலையில் வயிறாரச் சாப்பாடு கிடைத்திருந்தால் யாருக்கு வேண்டும் இந்தப் பாக்கு?

லியோன், தாய்வான் எல்லாம் சொன்னீர்கள். நாட்கூலியையும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

காலிவீதி

தம்பி, உங்கள் அம்மாவின் உழைப்பை மதிக்கிறேன். நீங்கள் எழுதியதே எனக்குச் சாட்சி. சூடு ஏறுவதும் பசி அடங்குவதும் பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருளின் வேலை. அதுதான் திரும்பத் திரும்பக் கேட்க வைக்கிறது. அதையும் 2021இல் புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பாக்குத்தான் பிரச்சினை என்று நானும் சொல்கிறேன், நீங்களும் சொல்கிறீர்கள்.

மலைக்காற்று

நான் அப்படிச் சொல்லவேயில்லை. என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். தம்பி என்றும் கூப்பிட வேண்டாம்.

கடைவாய்ப்பல்

பல் சிகிச்சை நிலையமொன்றில் உதவியாளராக இருக்கிறேன். ஒரு வேண்டுகோள். 'வெற்றிலை போடுவது' என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். ஆளுக்கு ஆள் வேறு பழக்கத்தை நினைத்துக்கொண்டல்லவா பேசுகிறீர்கள்? கல்யாண வீட்டில் ஒரு தடவை போடுவதா, நாளைக்குப் பத்துத் தடவையா? மென்று துப்புகிறாரா, கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குகிறாரா? பச்சைப் பாக்கா, காய்ந்ததா? எத்தனை வருடப் பழக்கம்? இவற்றைப் பிரித்துப் பேசினால் பாதிச் சண்டை குறையும்.

ஒருவரைப் பார்த்தேன், சொல்கிறேன். புகையிலையைத் தொட்டதே இல்லை என்றார், பாக்கு மட்டும் ஓயாமல் மெல்லுவாராம். வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல் நுழையும் இடம்தான் இருந்தது. நல்ல வாயில் மூன்று விரல் தாராளமாகப் போகும். கன்னத்தின் உட்புறம் வெளிறி, தொட்டால் தோல்பட்டை போல இறுகியிருந்தது. மிளகாய் பட்டால் எரிகிறது என்றார். ரோல்ஸ்கூடக் கடிக்க முடியாமல் பிய்த்துப் பிய்த்து ஊட்டிக்கொள்கிறாராம். இந்த இறுக்கம் பாக்கினால் வருவது. பழக்கத்தை விட்ட பிறகும் முழுதாக இளகுவதில்லை. இப்படியானவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் புற்றுநோயாக மாறுகிறது. வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் காட்டிவிடுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள்.

காலிவீதி

கேட்டீர்களா, பழஞ்சோறு? புகையிலையைத் தொட்டதே இல்லையாம். பாக்கு மட்டும்!

பழஞ்சோறு

ஓயாமல் மென்றாராம். ஓயாமல் எதைத் தின்றாலும் கெடுதிதான். என் அப்பம்மா சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் போடுவார்.

சரி, முதலாம் குழு, முதலாம் குழு என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறாரே, அந்தக் குழுவில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். மதுபானம் 1988இலேயே இருக்கிறது. பதப்படுத்திய இறைச்சி 2015இல் வந்து சேர்ந்தது. போன மாதம் காலிவீதி தன் பிறந்தநாள் படத்தை இங்கேதான் போட்டார். தட்டு நிறையச் சோசேஜ், பக்கத்தில் ஐஸ்கட்டி மிதக்கும் குவளை. இஞ்சிச் சோடா என்று சொல்லிவிடாதீர்கள்.

138ஆம்பஸ்

சோடாவேதான். நான் சாட்சி. குவளையின் மிச்சத்தை நானும் குடித்தேன், வீட்டுக்குப் போகும் வழி மறந்துவிட்டது.

காலிவீதி

தனிப்பட்ட தாக்குதல் தொடங்கிவிட்டது என்றால் வாதம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அது பிறந்தநாள், தினமும் அல்ல. முதலாம் குழு என்பது ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டும், ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றுதான் சொன்னார்கள். தினமும்! வருடத்தில் ஒரு தட்டை வைத்து என்னைப் பிடிக்க வேண்டாம்.

பழஞ்சோறு

அருமை. இதை எல்லாரும் சேமித்து வையுங்கள். குழு என்பது ஆபத்தின் அளவைச் சொல்லாதாம். தினமும் தின்றால்தானாம். அவருடைய சோசேஜுக்கு அளவு உண்டு, என் அப்பம்மாவின் வெற்றிலைக்கு அளவு கிடையாது. நல்ல நியாயம்!

காலிவீதி

"ஒன்றும் வராது" என்று எழுதியது நீங்கள். சோசேஜ் மருந்து என்று நான் எங்கேயாவது எழுதினேனா? காட்டுங்கள். பாக்கு மருந்து என்று எழுதினீர்களா இல்லையா? ஆம் அல்லது இல்லை.

பழஞ்சோறு

வெற்றிலை செரிமானத்துக்கு நல்லது என்பது குழந்தைக்கும் தெரியும்.

காலிவீதி

வெற்றிலையைக் கேட்கவில்லை. இலை மீது யாருக்கும் வழக்கில்லை. பாக்கு. பாக்கு. பாக்கு.

வேலணையான்

புகையிலையைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. இங்கே கொத்துரொட்டிக் கடைகளில் கறுத்துப்போன எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறார்கள், பஸ் புகையை எல்லாரும் விழுங்குகிறோம். அதை எல்லாம் விட்டுவிட்டு ஊர்ச் சாமானை மட்டும் பிடிக்கிறீர்கள்.

138ஆம்பஸ்

பஸ் என்றதும் நினைவு வந்தது. தினமும் மகரகமவில் பாதிப் பஸ் இறங்கும். கையில் எக்ஸ்ரே உறையோடு இறங்குகிறவர்கள் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. நேற்று ஒருவர் அந்த உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மிதிபலகையில் நின்று சிவப்பாக ஒன்று துப்பினார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரரின் வெள்ளைச் சட்டை போயிற்று. அங்கே நடந்த சண்டையில் யாரும் லியோனைக் குறிப்பிடவில்லை.

புகையற்ற புகையிலைப் பொருட்களுக்கு 2016இல் தடை வந்ததே, அதற்குப் பிறகு பெட்டிக்கடைகளில் என்ன குறைந்தது? எங்கள் தரிப்பிடத்துக் கடையில் ஈரச்சாக்கில் அடுக்கிய வெற்றிலையும் சீவல் போத்தலும் பழைய இடத்திலேயே இருக்கின்றன.

மலைக்காற்று

அந்தத் தரிப்பிடத்தில் கடை வைத்திருக்கிறவர் எங்கள் ஊர்க்காரர். அவரையும் இதில் இழுக்காதீர்கள். காலிவீதி ஐயா புள்ளிவிவரம் சொல்கிறார், சரி. பாக்கை விட்டுவிட்டு அந்தக் குளிரில் எதை வாயில் போடுவது? பழம் சாப்பிடச் சொல்வீர்களா? புறக்கோட்டையில் ஓர் அப்பிள் என்ன விலை என்று தெரியுமா?

காலிவீதி

ஏன், தோட்டத்தில் கொய்யா மரமே இல்லையா?

மலைக்காற்று

கொய்யா! கேட்டீர்களா சனங்களே. லயத்தில் இருப்பவனுக்குக் காணி எங்கே இருக்கிறது கொய்யா நட?

கடைவாய்ப்பல்

நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே. எத்தனை தடவை, எவ்வளவு நேரம்? மலைக்காற்று, உங்கள் அம்மாவுக்கு வாய் முழுதாகத் திறக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சண்டைக்காகக் கேட்கவில்லை.

மலைக்காற்று

நன்றி சகோதரி. இவ்வளவு பேரில் நீங்கள் ஒருவர்தான் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். மற்றவர்களுக்கு அவர் ஓர் உதாரணம்.

பழஞ்சோறு

நானும் மனிதாபிமானத்தோடுதான் பேசுகிறேன். பரம்பரையாக வந்ததை ஒரே அறிக்கையில் குப்பையில் போடுவது அறிவாளித்தனம் இல்லை. காலிவீதிக்கு நம்முடையது எல்லாமே இளக்காரம். அன்று எண்ணெய், இன்று வெற்றிலை, நாளை புட்டு.

காலிவீதி

புட்டு எந்தக் குழுவிலும் இல்லை. தாராளமாக அவியுங்கள். நான் கேட்ட ஆம் அல்லது இல்லை இன்னும் வரவில்லை. 17 விருப்பம் கிடைத்த அந்தப் பதிவை அழிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. ஒரு பையன் அதைப் படித்துவிட்டுப் பாக்குப் பொட்டலம் வாங்கினால் யார் பொறுப்பு?

பழஞ்சோறு

இப்போது 23 விருப்பம். உங்கள் திரி செய்த விளம்பரம்.

காலிவீதி

23 பேரும் வாயைத் திறந்து மூன்று விரலை வைத்துப் பார்க்கட்டும்.

வேலணையான்

திருவிதாங்கூருக்குப் போன புகையிலை பற்றி நான் எழுதியதை நிர்வாகி நீக்கியிருக்கிறாரா, அல்லது எனக்கு மட்டும் தெரியவில்லையா?

138ஆம்பஸ்

மேலேயே இருக்கிறது வேலணையாரே. யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

மலைக்காற்று

லொறி வந்துவிட்டது, சாமான் இறக்கப் போகிறேன். கொய்யா மரத்தைப் பற்றி இரவு வந்து பேசுகிறேன்.

காலிவீதி

பாக்கைப் பற்றிப் பேசுங்கள்.