கோல்டன்ராட் இனங்காண உதவுங்கள்

காட்டோரம் பூத்திருக்கும் ஒரு கோல்டன்ராட் என்ற மஞ்சள் பூச்செடியோடு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். சாலிடாகோ பேரினம் என்பதில் ஐயமில்லை. இலையில் மூன்று நரம்புகள் தெளிவாக ஓடுகின்றன. தண்டு வழவழப்பு, பூங்கொத்துக்கு அருகில் மட்டும் மயிர். அப்படியானால் திறவுகோல்படி (அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து இனத்தைக் கண்டறியும் பட்டியல்) இது ஜைஜான்டியா இனம். ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுத்தண்டிலும் அங்கங்கே மெல்லிய மயிர் தெரிகிறது! இதே பேரினத்தின் ஆல்டிசிமா இனத்துக்கு இன்னும் அடர்த்தியாக இருக்க வேண்டுமே? பூத்தலையை (சிறு பூக்களின் கொத்து) அடியில் சூழ்ந்திருக்கும் செதில் வட்டம் 3.5 மி.மீ. உயரம். இதைப் பச்சையாக அளப்பதா, உலர்த்தியா?

அப்புறம், பக்கத்திலேயே அழகான நீல ஆஸ்டர் ஒன்று. பழைய திறவுகோல் ஆஸ்டர் என்கிறது, புதியது சிம்ஃபியோட்ரைக்கம் என்கிறது. பேரினப் பெயர் மாறியிருக்கிறது, அது புரிகிறது. ஆனால் அடி இலைகள் காய்ந்து உதிர்ந்துவிட்டன. தண்டிலைகளை மட்டும் வைத்து எப்படி முன்னேறுவீர்கள்?